கொம்பில்லாத தலைகள்

அந்த மண்டையோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நெற்றியில் மஞ்சள் பூசி, நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள். யாரோ ஒரு அரளிப்பூவைக் கண்குழிக்குள் செருகியிருந்தார்கள். பூ வாடி உள்ளேயே ஒட்டிக் கிடந்தது.

பூவை எடுத்துப் போட்டுவிட்டு, கண்குழிக்கு முன்னால் விரலை வைத்துத் தடவினேன். விரல் நுனி உள்ளே இறங்கியது. ஒரு சின்னப் பள்ளம்.

செம்மறிதான். வெள்ளாட்டுக்கு அந்த இடம் மேடாக இருக்கும். செம்மறிக்கு மட்டும்தான் கண்ணுக்கு முன்னால் அந்தப் பள்ளம்.

"என்ன புள்ள, அப்பிடித் தடவிப் பாக்கறே?" என்று கூட வந்திருந்த பொன்னி கேட்டாள்.

"வெள்ளாடா இருக்கட்டும்னு பாத்தேன்."

வெள்ளாடாக இருந்திருந்தால் நான் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பேன். என் அண்ணன் ஆடுகளை விற்றுவிட்டு ஓடிப்போன திருடனாகவே இருந்திருப்பான். எங்கேயோ உயிரோடு இருந்திருப்பான்.

இந்தத் தொடரில் இத்தனை வாரமும் எஸ்டேட்டில் வரிசையாகக் கட்டின லைன் வீட்டைப் பற்றி எழுதினேன், அப்பா போனதைப் பற்றி எழுதினேன், மழையில் காப்பிப்பழம் பறித்ததை எழுதினேன். அண்ணன் பக்கம் வராமல் சுற்றிக்கொண்டே இருந்தேன். இனிமேல் சுற்ற வழியில்லை. அஞ்சாவதோடு படிப்பை விட்டவள் நான். தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

முன்னால் நடக்கிறவன்

அண்ணன் பெயர் மாதையன். என்னைவிட நாலைந்து வயது பெரியவன். தலைச்சோலைப் பக்கம் காடு வைத்திருந்த வெள்ளையன் மாமாவின் செம்மறிகளை மேய்த்தான். அவர் சொந்த மாமா இல்லை. அவர் மலைக்காரர். நாங்கள் கீழே இருந்து எஸ்டேட் வேலைக்கு ஏறி வந்த குடும்பம். அம்மா அவரை அண்ணா என்று கூப்பிடுவாள், அதனால் எனக்கு மாமா.

வெள்ளாட்டை மேய்க்கிறவன் பின்னால் நின்று கத்திக்கொண்டே ஓட்டவேண்டும். இல்லாவிட்டால் எஸ்டேட் வேலிக்குள் தலையை விட்டுவிடும். அண்ணன் பழக்கின செம்மறிகள் அப்படி இல்லை. அவன் முன்னால் போனால் அவை பின்னால் வரும். நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுத்துக்கொண்டே நடப்பான். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்.

பனி மூடிக்கொண்டால் எங்கள் பக்கம் எதிரே நிற்கிற சில்வர் ஓக் மரம்கூடத் தெரியாது. அந்த மாதிரி நாளில் முதலில் அந்தச் சத்தம் வரும். அப்புறம் தலையில் சாக்கு போட்ட அண்ணன் வருவான். அதற்கப்புறம் ஈரக் கம்பளி நாற்றத்தோடு ஆடுகள்.

"பட்டாளத்துக்காரரு வந்துட்டாரு, பின்னாடியே படையும் வருது" என்று நான் கிண்டல் செய்வேன்.

"படையில ஒரு ஆடு கொறையுது. நீ வேண்ணா வந்து சேந்துக்கோ" என்பான்.

கரடி மண்டை

நானும் சின்ன வயதில் அவனோடு மேய்ச்சலுக்குப் போயிருக்கிறேன். மலைக்காட்டில் அங்கங்கே மண்டையோடு கிடக்கும். நோய் வந்து செத்த மாடு, நாய் இழுத்துப்போட்ட ஆடு, எதுவாவது. பார்த்தவுடன் யார் முதலில் சரியாகச் சொல்கிறார்கள் என்று எங்களுக்குள் போட்டி. தோற்றவர்கள் அன்றைக்குத் தண்ணீர் எடுக்கவேண்டும்.

நாய்க்குக் கோரைப்பல் இருக்கும். பன்றி மூக்கு நீளம். ஆட்டுக்கு மேல் வாயில் முன்பல்லே கிடையாது. குழப்பமெல்லாம் கொம்பில்லாத வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும்தான். அதற்குத்தான் கண்ணுக்கு முன்னால் விரலை வைத்துப் பார்ப்பது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே சொல்லிவிடுவான். நான்தான் நிறையத் தண்ணீர் எடுத்தேன்.

ஒரு தடவை ஏற்காட்டில் லாட்ஜ் போட்டுத் தங்கியிருந்த புதுமணத் தம்பதி நடந்துகொண்டே எங்கள் பக்கம் வந்துவிட்டார்கள். அந்த ஆள் ஒரு மண்டையைக் குச்சியால் தூக்கிக்கொண்டு, "தம்பி, இது மானா?" என்று கேட்டார்.

"கரடிங்க" என்றான் அண்ணன், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

அந்தப் பெண் ஐயோ என்று ஒரு அடி பின்னால் போனாள். அவர் அதைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். மேட்டுக்கு அந்தப் பக்கம் போய்த்தான் நாங்கள் சிரித்தோம். வயிறு வலித்தது. இப்போதும் ஏதோ ஒரு ஊரில் ஒரு வீட்டு அலமாரியில் எங்கள் கிழட்டு வெள்ளாடு ஒன்று கரடியாக உட்கார்ந்திருக்கும்.

கட்டி

கூட்டத்தில் ஒரு பெட்டையாட்டுக்குக் கட்டி என்று பெயர். குட்டியாக இருந்தபோது எஸ்டேட் இரும்பு கேட்டுக்குள் தலையை விட்டு, இழுத்த இழுப்பில் கீழ்த்தாடை உடைந்துவிட்டது. பால்கூடக் குடிக்க முடியவில்லை.

"அறுத்துப்போட்டு வேற வேலயப் பாரு" என்று வெள்ளையன் மாமா சொன்னார்.

அண்ணன் கேட்கவில்லை. மூங்கிலைச் சீவி, பழைய துணியைச் சுற்றித் தாடையோடு வைத்துக் கட்டினான். கூழை விரலில் தொட்டுத் தொட்டு வாய்க்குள் தடவினான். அம்மாகூட, "எனக்கு ஒரு நாளாச்சும் இப்பிடி ஊட்டியிருக்கறயாடா?" என்று சண்டைக்குப் போனாள்.

எலும்பு கூடிவிட்டது. கூடின இடத்தில் பாக்கு மாதிரி ஒரு கட்டி நின்றுவிட்டது. அந்தப் பக்கம் வைத்து அது கடைசி வரைக்கும் மெல்லவே இல்லை. ஒரு பக்கத்துப் பல் தேய்ந்து போனது, மறு பக்கத்துப் பல் தேயாமல் நீளமாக நின்றது. அண்ணன் அடிக்கடி அதன் வாயைத் திறந்து எனக்குக் காட்டுவான். அது அவன் கையை மட்டும் கடிக்காது.

குப்பனூர் டீக்கடை

அப்போது ஏற்காடு கடைவீதியில் ஒரே ஒரு கடையில்தான் டிவி வந்திருந்தது. ஐப்பசி மழை. மூன்று நாளாக விடாமல் பனி. ஒரு சாயங்காலம் அந்தச் சத்தம் வரவில்லை. அண்ணனும் வரவில்லை. ஆடு ஒன்றுகூட வரவில்லை.

மறுநாள் எல்லாரும் தேடினார்கள். அதற்கடுத்த நாள் மலையடிவாரத்துக் குப்பனூரில் இருந்து ஒரு சேதி வந்தது. டீக்கடைக்காரர் பார்த்தாராம். ஒரு பையன் செம்மறிக் கூட்டத்தைச் சமவெளிப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனானாம். அதோடு மலையில் தேடுவது நின்றுவிட்டது. எல்லாரும் சந்தை சந்தையாகத் தேடப் போனார்கள்.

அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு குப்பனூருக்கு இறங்கினாள்.

"ஏனுங்க, பையன் எப்பிடி இருந்தானுங்க?"

"நல்லாத்தான் இருந்தான். பீடி குடிச்சுக்கிட்டு, ஆட்டைப் பின்னாலிருந்து பத்திக்கிட்டுப் போனான்."

என் அண்ணன் பீடி தொடமாட்டான். ஆட்டைப் பின்னாலிருந்து ஓட்டினதே கிடையாது. நான் அம்மா முகத்தைப் பார்த்தேன். அம்மாவுக்கும் அது தெரியும்.

"பழகியிருப்பான்" என்றாள். "எல்லாம் பழகியிருப்பான்."

வெள்ளையன் மாமா எங்கள் லைன் வாசலில் நின்று கத்தினார். "களவாணிப் பயலைப் பெத்து வச்சிருக்கறயே! என்ற ஆட்டையெல்லாம் வித்துத் தின்னுபோட்டானே!" லைன் முழுக்கக் கதவைத் திறந்து பார்த்தது. அதற்கப்புறம் வேலைக்குப் போகிற இடத்தில் நான் ஆட்டுக் களவாணி தங்கச்சி. சோற்றுப் போசியைத் திறந்தால் போதும், "என்ன கண்ணு, இன்னைக்குக் கறியா?" என்பார்கள்.

அம்மா ஒரு நாளும் சண்டைக்குப் போகவில்லை. கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் அவள் தெளிவாக இருந்தாள். "திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருப்பான்" என்பாள். "கண்ணாலம்கூடப் பண்ணியிருப்பான். பொண்ணு ஊட்டுக்காரங்களுக்குப் பயந்துக்கிட்டுத்தான் வரமாட்டேங்கறான்." சில நாள் அந்த மருமகள் சரியாகச் சமைக்கமாட்டாள் என்றுகூடத் திட்டுவாள்.

சாமிக்குப் பல்லு போச்சு

அடுத்த வருசக் கோடை முடிகிற சமயம். களை வெட்டிக்கொண்டிருந்தோம். என் பக்கத்து வரிசையில் பொன்னி. அவள் மலைக்காரப் பெண். நாக்கு சும்மா இருக்காது.

அவர்கள் சாமிக்கு ஒரு சோலை உண்டு. திருவிழா நாட்களில்தான் ஆள் உள்ளே போகும். மற்ற நாளில் விறகுகூடப் பொறுக்கமாட்டார்கள். கொம்புள்ள கிடாயைத்தான் சாமி ஏற்கும். வெட்டின முதல் கிடாயின் தலையைச் சாமிக் கல்லுக்கு அடியிலேயே வைத்துவிடுவார்கள். வருசா வருசம் அந்தத் தலைகள் அங்கேயே வெளுத்துக் கிடக்கும்.

"உனக்கு ஒண்ணு தெரியுமா?" என்றாள் பொன்னி. "எங்க சாமிக்கு வயசாயிருச்சு. பல்லு போயிருச்சாட்டம் இருக்குது."

"ஏன்?"

"கிடாயை உட்டுப்போட்டுப் பொட்டையாடாத் தின்னிருக்குது. திருவிழாவுக்குப் பாதை வெட்டச் சோலைக்குள்ள போனவங்க பாறைக்கு அடியில பாத்திருக்காங்க. அத்தனையும் மொட்டைத் தலை. கொம்பே இல்ல. பூசாரி என்னடான்னா, பழைய தலை, கொம்பு கழண்டிருக்கும், மழையில அடிச்சிட்டுப் போயிருக்கும்ங்கறான். கொஞ்சத்தைப் பொறுக்கியாந்து மஞ்சப் பூசிக் கும்புட்டுக்கிட்டு இருக்கறாங்க."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

கொம்பின் மேல்கூடுதான் கழலும். உள்ளே இருக்கிற எலும்பு மண்டையோடு ஒட்டி நிற்கும். மொட்டைத் தலை என்றால் அது பிறந்ததில் இருந்தே மொட்டை. வெள்ளையன் மாமாவின் பெட்டைகள் அத்தனையும் மொட்டை.

"எப்பக் கூட்டிட்டுப் போறே?" என்று கேட்டேன்.

"திருவிழா முடியறதுக்குள்ள போனாத்தான் உண்டு" என்றாள். களைக்கொத்தை அங்கேயே போட்டுவிட்டு இரண்டு பேரும் போனோம்.

பாறைக்கு அடியில்

கல்லுக்கு முன்னால் அடுக்கி வைத்திருந்த தலைகளில் ஒன்றைத்தான் முதலில் மடியில் எடுத்தேன். அதைத்தான் மேலே எழுதினேன். செம்மறி. அடுத்ததும் செம்மறி. அதற்கடுத்ததும். எல்லாவற்றிலும் என் விரல் இறங்கியது. பக்கத்தில் கிடந்த பழைய கிடாய்த் தலைகளில் கொம்பெலும்பு அப்படியே நின்றது.

ஆனால் செம்மறி என்றால் யார் வீட்டுச் செம்மறி? ஊரில் வேறு ஆளிடமும் இருக்கிறதே. அந்த ஒரு இடைவெளியைப் பிடித்துக்கொண்டுதான் பாறைக்கு அடியில் இறங்கினேன்.

மேலே பாறை விளிம்பு. அதை ஒட்டித்தான் மேய்ச்சல் பாதை போகிறது. கீழே உண்ணிச்செடிப் புதர். புதருக்குள் வெள்ளை வெள்ளையாக எலும்பு. அதற்கும் கீழே ஓடை. அப்போது தண்ணீர் இல்லை. ஐப்பசியில் அது பாறையைப் புரட்டிக்கொண்டு போகும்.

கீழ்த்தாடைகள் தனித்தனியாகக் கழன்று கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்துத் தடவினேன். வழவழ என்று இருந்தால் கீழே வைத்தேன். ஒவ்வொன்றும் வழவழ என்று இருக்க இருக்க எனக்கு மூச்சு வந்தது. பொன்னி எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் ஒன்றை வாங்கினேன். பார்க்கவே இல்லை. கட்டைவிரலுக்கு அடியில் பாக்கு மாதிரி தட்டுப்பட்டது.

திருப்பிப் பார்த்தேன். அந்தப் பக்கத்துப் பல் நீளமாக, தேயாமல் நின்றது. பக்கத்திலேயே கிடந்த அதன் மறுபாதித் தாடையில் பல் பாதியாகத் தேய்ந்திருந்தது.

"கட்டி" என்றேன்.

"என்னது?"

"ஆட்டோட பேரு."

அவை தானாக விழவில்லை. பனியில் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்திருக்கின்றன. சத்தம் எங்கே போனதோ அங்கேயே போயிருக்கின்றன. முதலில் விழுந்தவன் முன்னால் நடந்தவன்தான்.

பொன்னி ஓடிப்போய் வெள்ளையன் மாமாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நான் தாடையைக் கொடுத்தேன். அவர் வாங்கித் தடவிப் பார்த்தார். "அறுத்துப்போடச் சொன்னனே" என்றார். தாடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

அதற்கப்புறம் அண்ணனைத் தேடினோம். அவன் தலைச்சாக்கு கிடைக்கவில்லை. துணி கிடைக்கவில்லை. ஆட்டு எலும்பு எனக்குத் தெரியும். மனுச எலும்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கொஞ்சம் நீளமாக இருந்ததை எல்லாம் எடுத்து என் தொடையோடு வைத்து அளந்து பார்த்தேன். என் கையோடு வைத்துப் பார்த்தேன். எல்லாம் குட்டையாக இருந்தன. எல்லாம் ஆடுதான். இருட்டுகிற வரைக்கும் ஓடையிலேயே இறங்கிப் போனோம். ஒன்றும் இல்லை. ஓடை அவனை முழுசாகவே கொண்டுபோய்விட்டது.

அது நம்ம ஆடு இல்லே

அம்மா அடுப்படியில் இருந்தாள். நான் சொன்னேன். அவள் ஊதாங்குழலைக் கீழே வைக்கவில்லை.

"அது நம்ம ஆடு இல்லே."

"கட்டிம்மா. தாடையில அந்தக் கட்டி—"

"எந்த ஆட்டுக்குத்தான் கட்டி இல்லே? நீ என்ன ஆட்டு டாக்டரா?"

"பல்லும் அப்பிடியே இருக்குதும்மா. நீயே வந்து பாரு."

"நானெதுக்கு வந்து பாக்கறேன்? எம்பையன் ஆட்டை வித்துப்போட்டு ஓடிட்டான். ஊரே சொல்லுது. உனக்கு மட்டும் என்னடி? நாலு பேராட்டம் நீயும் சொல்லிட்டுப் போயேன். உனக்கு என்ன கொறஞ்சு போவுது?"

நான் தாடையை முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தேன். அதை எடுத்துக் காட்டத்தான் நினைத்தேன். அவள் என் இடுப்பில் இருந்த முடிச்சைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். அந்த மாதிரி ஒரு பார்வையை நான் எந்த மனுசியிடமும் பார்த்ததில்லை. முடிச்சை அவிழ்க்கவில்லை. பின்பக்கம் போய்க் கொய்யா மரத்தடியில் புதைத்தேன். அண்ணனுக்குச் செய்யவேண்டியதை ஒரு ஆட்டுத் தாடைக்குச் செய்தேன்.

மாமா வந்தார்

மறுநாள் காலையில் வெள்ளையன் மாமா வந்தார். சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். முன்பு நின்று கத்தின அதே இடத்தில்தான் நின்றார். அம்மா வாசலில் விறகை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மிணி, நானு வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிப்போட்டன். உன்ற பையன் தங்கம். என்னைய மன்னிச்சிரு."

"மன்னிப்பு எதுக்குங்ணா? நீங்க சொன்னது நெசந்தானுங்களே."

"இல்ல அம்மிணி. ஆடு பூராவும் அங்கதான் கெடக்குது. நானே பாத்தன்."

"நீங்க பாத்தது வேற யாரோட ஆடோ. உங்க ஆட்டை எம்பையன் வித்துப்போட்டான்."

"அம்மிணி..."

"அன்னைக்கு லைனே கேக்கறாப்பல சொன்னீங்கள்ல? இன்னைக்கு ஏனுங்ணா குசுகுசுன்னு பேசறீங்க? அன்னைக்குச் சொன்ன மாதிரியே சொல்லுங்க." கையில் விறகோடு அப்படியே நின்றாள். "சொல்லுங்ணா. உங்களைக் கும்புட்டுக் கேக்கறேன்."

மாமா என்னைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால், எனக்கும் அதை ஒரு தடவை கேட்கவேண்டும் போல இருந்தது.

அவர் தொண்டையைச் செருமினார். பிறகு சத்தமாகவே சொன்னார்.

"களவாணிப் பயதான் அம்மிணி. என்ற ஆட்டையெல்லாம் வித்துப்போட்டு ஓடிட்டான். எங்கியோ நல்லாத்தான் இருப்பான்."

லைனில் இரண்டு கதவு திறந்தது. அம்மா விறகைக் கீழே போட்டாள். உள்ளே போய் முக்காலியைக் கொண்டுவந்து போட்டாள், காப்பியும் கொண்டுவந்தாள். அவர் கையில் டம்ளரைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள்.

"நீங்க சந்தை சந்தையாப் போறவரு. எங்கியாவது அவனைப் பாத்தீங்கன்னா அடிச்சுப்போடாதீங்ணா. நொம்ப பயந்தவன்."

"அடிக்கமாட்டன் அம்மிணி."

அவர் அந்தக் காப்பியைக் குடிக்கவில்லை. ஆறுகிற வரைக்கும் கையிலேயே வைத்திருந்தார்.

எங்கள் வீட்டில் அண்ணனுக்கு இன்றைக்கு வரைக்கும் காரியம் செய்யவில்லை. வருசம் போய்க்கொண்டே இருக்கிறது. அழவேண்டும் என்றால் நான் காப்பிக் காட்டுக்குள் போய்த்தான் அழுவேன். ஒரே ஒரு தடவை அடக்க முடியாமல் வீட்டிலேயே அழுதுவிட்டேன். அம்மா வேலையை விட்டுவிட்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"எதுக்குடி அழுவறே?" என்று கேட்டாள். "யாரு செத்துப்போனாங்க இங்க?"